எந்த வெள்ளை

ஒரே பறவை. ஒரே சிறகடிப்பு.
நொடிக்கு இருபது படம்.
ஏழாவதில் அதன் தொண்டைப் பை எலுமிச்சை.
எட்டாவதில் ஆரஞ்சு.
ஒன்பதாவதில் செங்கல்.

கூழைக்கடா நிறம் மாறவில்லை.
பின்னாலிருந்த நாணல் போய் ஏரி வந்தது,
அவ்வளவுதான்.
நீலத்தைக் கண்டதும் கேமரா பதறிப்போய்
மஞ்சளை அள்ளிப் பூசிவிட்டது.
எதிரே யார் நிற்கிறாரோ
அவருக்குத் தக்கபடி பேசுகிற ஒருவரை
எங்கள் மின்வாரிய அலுவலகத்தில்
எனக்கு நன்றாகத் தெரியும்.

எவ்டோக்கியாவுக்கு இது வேடிக்கையில்லை.
பை எந்த வாரம் சிவக்கிறது என்று
பதினொரு குளிர்காலமாகக் குறித்து வருகிறாள்.
"உன் படங்களை நம்பினால்
இந்தப் பறவை கால் நொடியில்
முட்டையிடத் தயாராகிவிட்டது" என்றாள் தொலைபேசியில்.
சிரிக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமை, கெர்கினி ஏரி,
காலை எட்டு மணி.
பெலெஸ் மலைமேல் பனி; அதன்மேல்
இப்போதுதான் வடித்த தேன்போல வெயில்.
மோட்டாரை அணைத்துவிட்டுத்
துடுப்பால் தள்ளினார் ஸ்டெர்யோஸ்.
சாம்பல் அட்டையை அவரிடம் நீட்டினேன்.
வெயில் படட்டும், சாய்க்காதீர்கள்,
உங்கள் தொப்பியின் நிழல்,
ஆம், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.

மீன்செதில் ஒட்டிய கம்பளிக் கையுறையில்
அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
இதில் எதைத் தேடுகிறாய்?
வெள்ளையை.
சாம்பலிலா?
சாம்பலில்தான். அது எந்தப் பக்கமும் சேராது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, துடுப்பை மடியில் கிடத்தி,
ஒரு கண்ணை மூடிப் பறவைகளைப் பார்த்தார்.
மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

நவம்பரில் செரெஸ் ஆஸ்பத்திரியில்
வலது கண்ணில் புரை எடுத்தார்களாம்.
இடதுக்கு ஏப்ரலில்தான் முறை.
"இந்தக் கண்ணுக்கு அது
தேநீர் சிந்திய மேசைவிரிப்பு.
அந்தக் கண்ணுக்குக் குழல்விளக்கு, கூசுகிறது.
இத்தனை வருஷமும் தேநீரைத்தான்
வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
பொய் சொல்லவில்லை பார்."

இன்னொன்றும் சொன்னார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே:
கட்டு அவிழ்த்து வீட்டுக்குப் போன அன்று
வாஸ்ஸோ கதவைத் திறந்தாள்.
வைக்கோல் நிறக் கூந்தல் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.
நரைத்து எட்டு வருஷமாயிற்றாம்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
நீ கேட்கவில்லையே என்றாள்.

நாலாயிரத்து இருநூறு கெல்வின்.
எண்ணைப் பூட்டினேன்.
வெயில் ஏற ஏற
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டை,
புது எண், மறுபடி பூட்டு.
விரல் மரத்துப்போனது.
ஒன்பதே கால் வாக்கில் எழுந்தது ஒரு பறவை:
நீர்மேல் ஓடி, அடித்து, கனத்து,
பின் சட்டென்று கனமே இல்லாமல்.
நாணலைத் தாண்டியது, ஏரியைத் தாண்டியது,
மலையின் நிழலுக்குள் போய்த் திரும்பி வந்தது.
வெயிலில் இருந்தவரை எல்லாப் படத்திலும்
பை ஒரே நிறம்:
முழுக்கக் கனியாத வாதுமைப்பழம்.
நிழலில் எடுத்தவை நீலம் பாரித்தன.
நியாயம்தான். நிழல் நீலம்தான்.

சிறகின் மேற்புறம் சூரியனுடையது.
கீழ்ப்புறம் ஏரியினுடையது, பச்சை படர்ந்தது.
அந்தப் பச்சையை எடுத்துவிடலாம்;
எடுத்தால் முதுகு ரோஜாவாகிவிடும்.
ஒரு பறவைக்கு இரண்டு வெளிச்சம்
இருந்துவிட்டுப் போகட்டும்.

எவ்டோக்கியா இரவே பதில் அனுப்பினாள்:
"மூன்றாம் வாரம். இன்னும் சிவக்கவில்லை."
அதற்குள் ஒரு நன்றியும் இருந்ததாக
எடுத்துக்கொண்டேன்.

ஆயிரத்து நூறு படங்களில்
பதினான்கு வெறும் அட்டை.
கடைசி அட்டை கரையை நெருங்கியபோது எடுத்தது.
துறையில் வாஸ்ஸோ,
தலைத்துணி இல்லாமல், காற்றில்.
அவள் படத்தில் இல்லை.
படத்தில் இருப்பது சாம்பல் சதுரம்,
கையுறை, அதற்குப் பின்னால் ஸ்டெர்யோஸ்,
வலது கண்ணை மூடிக்கொண்டு.